எட்டாம் நிலைக்குப் போகும் வழி

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் கோயில் பங்கிலிருந்து ஒரு வண்டி கிளம்பும். பதினான்கு கோயில்கள், ஒரே பகல். ஒவ்வொரு கோயிலிலும் சிலுவைப்பாதையின் ஒரு நிலை. காலையில் லிங்கராஜபுரத்தில் தீர்ப்பிடப்படுகிற இயேசு, பொழுது சாய்வதற்குள் பெங்களூரின் வேறொரு மூலையில் கல்லறையில் வைக்கப்பட்டாக வேண்டும். வழியில் அவர் மூன்று முறை விழுகிற இடங்களை மட்டும் டிராஃபிக் போலீஸ்தான் முடிவு செய்யும் என்பது எங்கள் வண்டியின் பழைய கிண்டல். சொல்பவர் யாரானாலும் எல்லோரும் சிரிப்போம். ஒருசந்தி நோன்பு வயிற்றோடு சிரிக்கிற சிரிப்பு அது, சீக்கிரம் அடங்கிவிடும்.

நான் எருசலேமுக்கும் போயிருக்கிறேன். அந்தப் பாதையில், அந்தக் கற்களின் மேலேயே நடந்திருக்கிறேன். மனதில் நின்றது கற்கள் அல்ல, கடைகள். சந்து நெடுகக் கடைகள். மசாலா மூட்டை, தோல் செருப்பு, கொத்துக் கொத்தாய்த் தொங்கும் ஜெபமாலை. அவர் விழுந்ததாகச் சொல்லும் ஒரு திருப்பத்தில் எங்கள் குழு மண்டியிட்டபோது, தலையில் ரொட்டித் தட்டைச் சுமந்த ஒருவர் தாண்டிப் போக வழியில்லாமல் நின்று நாக்கைச் சொடுக்கினார். சிவாஜி நகர் மார்க்கெட்டில் நடுவழியில் நின்றால் காதில் விழுகிற அதே சொடுக்கு. கல்லறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மெழுகின் வாசமும் அடுத்தவர் மூச்சும். வாசலில் ஒரு துறவி, சீக்கிரம் சீக்கிரம் என்று கையை ஆட்டிக்கொண்டு. ஊர் திரும்பியதும், அங்கே என்ன வேண்டிக்கொண்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். உலக சமாதானம் என்று சொல்லி வைத்தேன். உண்மையில் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எந்தத் தலமானாலும் எனக்கு அப்படித்தான். வேளாங்கண்ணியானாலும் லூர்துவானாலும் உள்ளே நுழைந்த கணத்தில் கண் பக்கவாட்டுக் கதவுக்குப் போய்விடும். கால் நிற்காத பிறவி. ஆபீசில் லீவைச் சேர்த்து, சேர்த்த லீவில் கிளம்பி, போன இடத்தில் அடுத்துப் போக வேண்டிய இடத்தை நினைத்துக்கொண்டிருக்கிறவள். ஐம்பதை நெருங்கிய பிறகும் அடங்கவில்லை. புனிதம் என்று ஒன்று இருந்தால் அது நான் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் எழுந்து போயிருக்கும் என்றும், அதன் நாற்காலி இன்னும் சூடாக இருக்கும் என்றும் நினைத்துக்கொள்வேன்.

என் தங்கை அப்படியில்லை. அவள் ஒரே ஒரு கதவைப் பார்த்தாள், அதில் நுழைந்தாள். கல்லூரி முடித்த கையோடு ஒரு பெட்டியுடன் கன்னியர் மடத்துக்குப் போனவள், ஆயுளுக்கும் துறவிதான் என்று நித்திய வார்த்தைப்பாடு கொடுத்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டாள். அவள் போனதிலிருந்து தெருவிலும் கோயிலிலும் அம்மாவுக்கு சிஸ்டரம்மா என்று பெயராகிவிட்டது. பால் பூத்தில் சிஸ்டரம்மா, பூசையில் சிஸ்டரம்மா. கோயில் அசன விருந்தில் சிஸ்டரம்மாவுக்கு முதல் பந்தி. ஆண்டவருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தவள் என்பதால் அம்மாவின் ஜெபத்துக்குத் தனி பலம் உண்டென்று பலரும் நம்பினார்கள். அம்மாவும் மெல்ல மெல்ல நம்பினாள்.

போன கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, போனது போலவே ஒரு பெட்டியுடன் தங்கை திரும்பி வந்தாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, என்னடி ஆச்சு என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கலக்கா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஒண்ணுமே நடக்கல. அதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். யாரும் அவளை விரட்டவில்லை, அவளும் யாரோடும் சண்டை போடவில்லை. உள்ளே ஒரு கிணறு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியிருக்கிறது. ஒரு நாள் வாளி தரையில் இடித்திருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டா என்பதும் தெரியாது.

அம்மா அழவில்லை. யாராவது கேட்டால் உடம்புக்கு முடியாமல் லீவில் வந்திருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாள். ஈஸ்டர் வரைக்கும் என்றாள். ஈஸ்டருக்குப் பிறகு என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. பொய்யைக் காப்பாற்றுவது எளிதாகவே இருந்தது. இப்போதெல்லாம் சிஸ்டர்கள் வீட்டுக்கு வரும்போது அங்கியைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சுடிதாரில்தான் வருகிறார்கள். அம்மா சொன்னாள், நானும் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் சொன்னேன், பாடற்குழுவில் சொன்னேன். சொல்லச் சொல்ல அது ஒரு வீடாகிவிட்டது. நான்கு சுவர், ஒரு கூரை, ஜன்னல் கிடையாது. அதில் மூன்று பேர் குடியிருந்தோம்.

அவள் பாடுதான் மோசம். கைக்குழந்தையோடு வருகிற பெண்கள், சிஸ்டர் தலையில் கைவைத்து ஜெபியுங்கள் என்பார்கள். புருஷன் குடிக்கிறான் என்பார்கள், பிள்ளை படிக்கவில்லை என்பார்கள். அவள் கையை உயர்த்துவாள், பாதியில் அது நிற்கும், பிறகு அந்தத் தலையின் மேல் இறங்கும். போனவர்கள் பின்னால் கதவைச் சாத்திவிட்டு, கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய காதுகளில் சின்னதாய் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். கம்மல் போடாத இருபது வருடத்தில் தூர்ந்துபோன துளைகள். அதை அம்மா பார்த்தும் பார்க்காதது போலிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வண்டியில் மூவரும் ஏறினோம். டெம்போ டிராவலரின் முதல் வரிசை அம்மாவுக்கும் தங்கைக்கும்; அது சிஸ்டருக்கான மரியாதை, மறுக்க முடியாது. எனக்கு அவர்களுக்குப் பின்னால் ஒற்றைச் சீட்டு. ஏற்பாடெல்லாம் செய்கிறவர் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சின்னவர் பெரியவர் அனைவருக்கும் அங்கிள். கடைசி வரிசையில் கம்மனஹள்ளியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா, வண்டிக்கே வாய் அவள்தான். ஒவ்வொரு கோயிலிலும் இறங்கியதும் அங்கிள் ஜெபப் புத்தகத்தைத் தங்கையிடம் நீட்டுவார். சிஸ்டர், நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் பதில் சொல்கிறோம். பிரேசர் டவுனில் சொன்னாள். சிவாஜி நகரில் சொன்னாள். அல்சூரில் சொன்னாள். விவேக் நகரில் ஏழாம் நிலை; வண்டி வண்டியாக வந்து இறங்கிய கூட்டத்துக்கு நடுவே மண்டியிட்டு எழுந்தபோது அவள் முழங்கையை நான் பிடித்துக்கொண்டேன். உடம்பு சுடவில்லை, ஆனால் கனமாக இருந்தது.

வண்டியில் புளிசாதப் பொட்டலங்களைக் கொடுத்து முடித்ததும் அங்கிள் மைக்கை எடுத்தார். எட்டாம் நிலைக்கு ஒரு சர்ப்ரைஸ் என்றார். வழக்கமாகப் போகிற கோயிலை இந்த வருடம் மாற்றிவிட்டாராம். ஓசூர் ரோட்டில் நம்ம சிஸ்டருடைய மடத்துக் கோயிலுக்கே போகிறோமாம். திறந்து வைக்க வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. மடத்தலைவி மதருக்குச் சொல்லவில்லை, திடீரென்று போய் நின்றால் அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்குமே. எல்லோரும் கைதட்டினார்கள். அத்தனை நல்ல மனது அந்த மனிதருக்கு. அதுதான் எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. கெட்ட எண்ணமாக இருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அம்மா சிரித்தாள். சிரித்த முகத்தை மாற்றாமலே என் பக்கம் சாய்ந்து, இவளுக்குத் தலைவலி என்று சொல்லிவிடலாம், நீங்கள் இரண்டு பேரும் கோரமங்கலாவில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விடுங்கள் என்றாள். நான் உடனே தலையாட்டினேன். வெளியேறும் வழி என்றால் நான் யோசிக்கவே மாட்டேனே. ஆனால் சிஸ்டர் இல்லாமல் அவர்கள் அங்கே போய் நிற்பார்கள். மதர் வெளியே வருவார். உங்கள் சிஸ்டருக்குத் தலைவலி என்று அங்கிள் சொல்வார். பிறகு? கோரமங்கலா வந்தது. யாரும் இறங்கவில்லை. தங்கை ஜன்னலைப் பார்த்தபடி, பேசாம இரும்மா என்று மட்டும் சொன்னாள்.

சில்க் போர்டு சந்திப்பு நெருங்கும்போது வண்டி நின்றது. நின்றது என்றால் செத்துப்போய் நின்றது. தலைக்கு மேலே மெட்ரோ பாலத்தின் சாம்பல் நிறம், பக்கத்தில் ஒரு கான்கிரீட் கலவை லாரி, அந்தப் பக்கம் முட்டி மோதி நுழைந்துகொண்ட பைக்குகள். கதவைத் திறந்தால் ஒருவருடைய கால் முட்டியில் இடிக்கும். ஜாம் இதே சார், ஏன் மாடோது, என்ன செய்வது என்று கன்னடத்தில் சலித்துக்கொண்டே டிரைவர் இஞ்சினை அணைத்தார். அணைத்ததும் ஏசி போயிற்று. கண்ணாடிகளை நகர்த்தினோம், புகையும் ஹாரனும் உள்ளே வந்தன. வெயில் சீட்டின் ரெக்சினில் காய்ந்தது. புளிசாதத்தின் வாசம் நகராமல் நடுவில் நின்றது. நான் போயிருக்கிற எந்தக் கல்லறையிலும் இவ்வளவு நெருக்கம் இல்லை. ஒரு பக்கம் இந்த ஜாம் முடியவே கூடாது என்று வேண்டினேன், இன்னொரு பக்கம் மூச்சு முட்டியது. இரண்டையும் ஒரே ஆளாக ஒரே நேரத்தில் வேண்டினால் ஆண்டவர் என்னதான் செய்வார்.

நேரம் போகட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அங்கிள் மறுபடி மைக்கை எடுத்தார். வண்டி இப்போதைக்கு நகராது, ஆண்டவர் உங்களை எப்படி அழைத்தார் என்று ரெண்டு வார்த்தை சொல்லுங்கள் சிஸ்டர், எங்கள் பிள்ளைகளுக்கு உதவும் என்றார். மைக் முதல் வரிசைக்கு நீண்டது. அம்மாவின் கை தங்கையின் தொடையில் அழுந்தியது. சேலைத் தலைப்புக்குள் விரல் நுனிகள் வெளுத்ததை நான் சீட்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். தங்கை அந்தக் கையை எடுத்து, மெதுவாக, அம்மாவின் மடியிலேயே வைத்தாள்.

“கூப்பிட்டது நெஜம். போனதும் நெஜம், சந்தோஷமாத்தான் போனேன். ஆனா நான் இப்ப சிஸ்டர் இல்ல. கிறிஸ்மஸுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன். லீவுன்னு சொன்னது பொய். அங்க போயி மதர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு வேணாம், நானே சொல்லிடுறேன். அவ்ளோதான். தேங்க்ஸ் அங்கிள்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு முடித்துச் சாக்பீஸை வைக்கிற டீச்சர் மாதிரி.

இப்படிப்பட்ட சேதி எங்கள் பங்கில் எப்படி நடமாடும் என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்து கேட்டருகே இரண்டு பேர் நிற்பார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள். சம்பந்தப்பட்டவர் வந்தால் பேச்சு நின்று, எப்படியிருக்கீங்க என்று புன்னகைப்பார்கள். சேதிக்கு நடக்க இடம் வேண்டும், மூலை வேண்டும். இங்கே மூலையே இல்லை. சொன்னவள் முதல் சீட்டில், கேட்டவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஒருவரும் இறங்கிப் போய்ப் பேச முடியாது. அதுவரை நாங்கள் மூவர் அடைபட்டிருந்த வீட்டுக்குள் இப்போது வண்டி மொத்தமும் அடைபட்டது. அங்கிள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அவருடைய மூச்சு ஸ்பீக்கரில் கேட்டது.

நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். அவர் பேத்தியின் தலையில் தங்கை இரண்டு முறை கைவைத்து ஜெபித்திருக்கிறாள்.

“அப்ப இத்தன மாசம் நீ பண்ணின ஜெபமெல்லாம் செல்லுமா, செல்லாதா?”

“ஜெபத்தக் கேட்டது ஆண்டவர் தாத்தா. அவரத்தான் கேக்கணும்.”

யாரோ சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை. அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து பார்லர் அக்காவின் குரல் வந்தது.

“எனக்கு உன் காதுல ஈர்க்குச்சியப் பாத்தப்பவே டவுட்டு. வீட்டுக் குச்சியெல்லாம் வெச்சா சீழ் புடிச்சிக்கும், பேஜாராயிடும். பார்லருக்கு வா. அது சரி, இனிமே உன்ன என்னான்னு கூப்பிடுறது?”

“பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா. இருக்கு ஒண்ணு.”

அப்படியானால் அம்மாவை என்னவென்று கூப்பிடுவது என்றும் அந்த அக்கா கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்ததும் எனக்குத் தெரிந்தது. அவள் பார்வை முதல் வரிசையில் அம்மாவின் பின்னந்தலைக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. அம்மா அசையவில்லை. கொண்டைக்குக் கீழே வியர்வை ஒரு கோடாக இறங்கியது.

அங்கிள் கர்சீப்பால் முகத்தைத் துடைத்தார். மன்னிச்சிக்கம்மா, நான் நல்லதுன்னு நெனச்சேன் என்றார். பிறகு எல்லோருக்குமாக, எட்டாம் நிலையை இங்கேயே வண்டியில் சொல்லிவிட்டு நேராக ஒன்பதாவதுக்குப் போய்விடலாம் என்றார். அம்மா முதல் முறையாகத் தலையசைத்தாள், வேகமாக. தங்கைதான் வேண்டாம் என்றாள். போலாம் அங்கிள், அது நல்ல கோயில், நான் வர்றேன் என்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டவளுடைய நிதானம் அந்தக் குரலில் இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். எத்தனையோ ஊர் விட்டு ஊர் ஓடிய எனக்குக் கிடைக்காதது, நகராத வண்டியில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கிடைத்திருந்தது.

எட்டாம் நிலையில் எருசலேம் நகரத்துப் பெண்கள் அவருக்காக அழுகிறார்கள். எனக்காக அழ வேண்டாம் என்று அவர் திரும்பிச் சொல்கிறார். இதை எழுதுகிறவளுக்கு அது மடியில் விழுந்த பழம். நான் அதைத் தொடவில்லை. எங்கள் வண்டியில் ஒருவரும் அழவில்லை. பெரியவர் விக்ஸ் தடவிக்கொண்டார், ஒருத்தி தண்ணீர் பாட்டிலைத் தங்கையிடம் நீட்டினாள், எப்போதோ வண்டி நகர்ந்தது.

மடத்து வளாகத்தில் சில்வர் ஓக் மரங்கள், கூட்டிப் பெருக்கிய செம்மண். எல்லோரும் இறங்கினார்கள். தங்கை நடுவில் நடந்தாள். கையில் வாளியோடு குறுக்கே போன ஒரு சிஸ்டர் நின்றார், பார்த்தார், வாளியைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தணிந்த குரலில் என்ன பேசினார்கள் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. அம்மா இறங்கவில்லை. அம்மா இறங்காததால் நானும் இறங்கவில்லை. நீ போயேன் என்றாள். போகத்தான் எழுந்தேன், கால் வரவில்லை. எங்கும் முதல் ஆளாக வெளியேறுகிறவள், திறந்த கதவுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தேன். டிரைவர் எட்டிப் பார்க்காமலே கதவை இழுத்துச் சாத்திவிட்டு டீக்கடை தேடிப் போனார்.

பக்கத்திலேயே இருந்த கோயிலுக்குள்ளிருந்து பார்லர் அக்காவின் கட்டைக் குரல் ஜெபத்தைத் தொடங்கியது. தங்கையின் குரல் இப்போது பதில் சொல்கிற கூட்டத்தில் எங்கோ இருந்தது.

“சிஸ்டரம்மான்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி என்ன எப்படிடி கூப்பிட்டாங்க?” என்றாள் அம்மா. ஜன்னலைப் பார்த்துத்தான் கேட்டாள். “ரொம்ப நேரமா யோசிக்கிறேன். வரவே மாட்டேங்குது.”

“என் பேரச் சொல்லிதாம்மா. என் பேரச் சொல்லி, கூட அம்மான்னு.”

சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் எங்கோ இடறியது. மூத்தவளின் பெயரால் தாயைக் கூப்பிடுவது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு நாள் அது நின்றுபோனது. நின்றதை அம்மா கவனிக்கவில்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் கவனித்திருந்தேன் என்பதும்.

அம்மா திரும்பினாள். என் முகத்தை, யார் வீட்டுப் பெண் என்று கேட்கப் போகிறவள் போலப் பார்த்தாள்.

“ஆமால்ல,” என்றாள்.

பிறகு எழுந்தாள். முட்டியில் கையை ஊன்றி, கம்பியைப் பிடித்து, கதவருகே போய்க் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. நான் போய் இழுத்தேன். எல்லோரும் இறங்கிவிட்டதாக நினைத்து டிரைவர் பூட்டிவிட்டுப் போயிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். மரங்களைத் தவிர யாரும் இல்லை. போனில் அங்கிளைக் கூப்பிடலாம் என்றால் ஜெபத்தில் இருப்பவரை எப்படிக் கூப்பிடுவது. நானும் அம்மாவும் கூரை இடிக்காமல் தலையைக் குனிந்தபடி, பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே எல்லோரும் மண்டியிடுகிற சத்தம் கேட்டது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி மடங்கினாள். சீட்டுகளுக்கு நடுவே அதற்கு மேல் இடமில்லை. பதில் வரியைச் சொன்னாள். நானும் சொன்னேன். வாசல் எங்கே என்று தேட அங்கே எதுவும் இல்லை, இருந்த ஒரே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

பேப்பர் கப்போடு வந்த டிரைவர் கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்ததும் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடி வந்தார். “அய்யோ அம்மா, நீவு ஒளகடேனே இத்ரா?” உள்ளேயேவா இருந்தீர்கள் என்று பதறினார்.

கதவு திறந்தது. எட்டாம் நிலை முடிந்து உள்ளிருந்து ஆட்கள் செருப்பைத் தேடியபடி வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தங்கை இன்னும் வரவில்லை. அம்மா என் கைக்காகக் காத்திருக்காமல் இறங்கினாள். வருகிறவர்களை விலக்கிக்கொண்டு, அவர்களில் யாரையும் பார்க்காமல், கோயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.